ஃபைபர் படகின் பின்பலகை உள்ளே உளுத்துவிட்டது. மேலேயே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டிப் பலப்படுத்தலாமா?

ஒட்டலாம், நிற்காது. உங்கள் படகு எத்தனை அடி, என்ன இன்ஜின் என்று நீங்கள் எழுதவில்லை. கரையில் இழுத்து வைக்கிற சின்னப் படகு, பின்பலகையில் மாட்டிய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் அப்பாவின் படகுக்கும் இதே கதைதான். இன்ஜினை முடுக்கினால் பலகை லேசாக அசைந்தது. யார்டில் விட்டோம். உள்பக்கம் இன்னொரு பலகையை அணைத்து வைத்து, மேலே மேட் ஒட்டி, ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். பார்த்தால் புதுப்படகு. அடுத்த சீசனுக்குள் பலகையும் பக்கச்சுவரும் சேருகிற மூலையில் முடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்தது. அப்பா சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். மேலே ‘டங்’ என்றது, இன்ஜின் போல்ட்டுக்குக் கீழே ‘பொத்’ என்றது. சின்ன டிரில் விட்டால் மரத்தூளே வரவில்லை. வடிகட்டிய டீத்தூள் மாதிரி கறுப்பாக, ஈரமாக வந்தது. போல்ட் துளை வழியே இறங்கிய தண்ணீரை உள்ளே வைத்தே மூடியிருக்கிறார்கள்.

இரண்டாவது முறை ஃபைபர் வேலை செய்யும் என் சித்தப்பாவே இறங்கினார். மரத்தின் இருபுறமும் இருக்கிற ஃபைபர் தோலில் வெளித்தோலைத் தொடவில்லை, அதுதான் அச்சு. உள்தோலை மட்டும் அறுத்து எடுத்து, ஈர மரம் முழுவதையும் உளியால் கொத்தி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கிரைண்டரால் சுத்தமான இழை தெரியும்வரை தேய்த்தார். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு. நடுவில் ரெசினில், அதாவது இறுகும் பிசினில், ஊறிய மேட். பலகையின் விளிம்புகளுக்கும் ரெசின் குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் கிளாம்ப் போட்டார்.

இனிமேல்தான் விஷயமே. பலகையைத் தடிமனாக்குவதுதான் பலம் என்று பலரும் நினைக்கிறார்கள். இன்ஜினின் தள்ளு முதலில் பலகைக்கு வருகிறது, பலகை அதைப் படகுக்குக் கடத்த வேண்டும். கரைக்கு வரும்போது புரொப்பல்லர் மணலில் இடித்தால், அந்த நெம்பு முழுக்க மூலையில்தான் விழும். அதனால் மூலையை ரெசின் பசையால் வளைவாக்கினார். செங்குத்து மூலையில் ரோவிங் (தடித்த இழையால் நெய்த துணி) மடியாது, காற்று நின்றுவிடும். அப்புறம் மேட், ரோவிங் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட அகலமாகப் பக்கத்திலும் அடியிலும் ஏறும்படி ஒட்டினார். கடைசியாகப் பலகையிலிருந்து அடியில் ஓடும் நெடுஞ்சட்டங்களுக்கு இரண்டு முக்கோண முட்டு. போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸி பசையால் அடைத்து, அதன் நடுவில் திரும்பத் துளைத்தார். இப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது.

முழுக்க எப்பாக்ஸி ரெசின்தான் போட வேண்டும் என்று யாராவது வருவார்கள். மரத்தில் அது நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. மரம் காய்ந்து, பரப்பு சுத்தமாக இருந்தால் பாலியெஸ்டர் ரெசினும் நிற்கிறது. ஒன்று மட்டும்: பாலியெஸ்டர் மேல் எப்பாக்ஸி ஒட்டும், இறுகிய எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. பாலியெஸ்டரை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்த்துவிடாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். மழைக்காலத்தில் தொடங்கவும் வேண்டாம், மரம் காயாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குக் கடன் வாங்கியாவது எண்ணி வைக்கிறவர்கள், ரெசினிலிருந்து வருகிற ஸ்டைரீன் நெடியில் நாள் முழுக்க நின்று, உடம்பெல்லாம் இழை குத்தி அரிக்க வேலை செய்கிற மனிதரிடம் இருநூறு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறார்கள். சித்தப்பாவுக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கித் தர இதுவரை ஒரு படகுக்காரருக்கும் தோன்றவில்லை. வெளியில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் கூலியில் கை வைக்காதீர்கள். உள்தோலை மூடுவதற்கு முன்னால் நேரில் போய், பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள்.