‘முதியோர் இல்லம்’ இப்போது ‘சீனியர் லிவிங்’ ஆகிவிட்டது, பராமரிப்பும் மாறியிருக்கிறதா?

கட்டடம் மாறியிருக்கிறது, சாப்பாடு மாறியிருக்கிறது. பராமரிப்பு மாறியிருக்கிறதா என்பதை அந்தந்த இடத்தின் ஒப்பந்தத்தைப் படித்தால்தான் சொல்ல முடியும்.

சென்னையில் சாவித்திரி வைத்தி 1978இல் விச்ராந்தியைத் தொடங்கியபோது, அது ஆதரவற்ற மூதாட்டிகளுக்கான இலவச இல்லம். முதியோர் இல்லம் என்றாலே வெகுகாலம் அப்படித்தான் நினைத்தோம். இன்று கோவையைச் சுற்றி வீடாகவே விற்கிறார்கள். வாங்குபவர்களில் பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில்.

அம்மாவுக்காக நாங்களும் அந்தப் பக்கம் தேடினோம். ஓர் இடத்தின் விளம்பரத்தில் ‘அசிஸ்டெட் லிவிங்’, அதாவது அன்றாட வேலைகளுக்கு ஆள் உதவியோடு வாழும் வசதி, என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில், குடியிருப்பவரால் தானாக நடமாட முடியாமல் போனால் குடும்பத்தார் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி. எந்த நாளை நினைத்துப் பயந்து இடம் தேடுகிறோமோ, அந்த நாளில்தான் வெளியே போகச் சொல்கிறார்கள்! எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், வசதியற்ற முதியவர்களுக்கு இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. பணம் கட்டித் தங்கும் குடியிருப்புகளுக்கு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. வழுக்காத தரை, பிடிமானக் கம்பி, சக்கர நாற்காலி போக வசதி எல்லாம் அதில் உண்டு. கட்டுபவர், சேவை தருபவர், வீடு வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போடவும் சொல்கிறது. ஆனால் அது வெறும் மாதிரி நெறிமுறைதான். மாநிலம் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் பலன்.

அதனால் பெயரை விட்டுவிட்டு நேரில் போய்க் கேளுங்கள். இரவில் நர்ஸ் இருக்கிறாரா, வாட்ச்மேன் மட்டும்தானா? மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா? படுக்கையில் இருப்பவர்களைப் புண் வராமல் யார் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள்? அவர்கள் இருக்கும் அறைகளைக் காட்டச் சொல்லுங்கள். தோட்டத்தையும் டைனிங் ஹாலையும் மட்டும் காட்டி அனுப்பப் பார்த்தால், தயவுசெய்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பும், மாதக் கட்டணம் எப்படி ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கட்ட வழியில்லாதவர் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் கிடையாது, எல்லா மாநிலத்துக்கும் அதே எண்தான்.