வீல்செயார் பெரிதாக இருந்தால் பரவாயில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. டுஷேன் தசைநலிவு நோய். நுனிக்காலில்தான் நடக்கிறான். தூரம் போனால் விழுந்துவிடுகிறான். பெரியவர்கள் பாவிக்கும் வீல்செயார் ஒன்றைச் சொந்தக்காரர் தருகிறார். வாங்கலாமா? படியேறிப் பழகினால் பலம் வருமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம், சகோதரி. வளர்கிற பிள்ளைதானே என்று சீருடையைப் பெரிதாகத் தைப்பதுபோல் வீல்செயார் வாங்கக் கூடாது. இருக்கை அகலமானால் பிள்ளை ஒரு பக்கம் சரிந்தே உட்காருவான், முதுகுத் தசைகளோ ஏற்கெனவே நலிகிறவை, முதுகெலும்பு வளைய அதுவே வழி செய்துவிடும். இடுப்புக்கு இரு பக்கமும் ஒரு விரல் இடம் போதும். பாதம் முழுதாக மிதிபலகையில் பட வேண்டும்.

படியேற்றம் கூடவே கூடாது. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால், பாரம் தூக்கினாலும் படி ஏறி இறங்கினாலும் தசை இழைகள் சேதமாகும் (பலம் வரட்டும் என்று விரட்டும் மாமாமாரிடமும் சொல்லிவையுங்கள்). களைக்காத அளவுக்கு நீந்தலாம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் இறுகுவதால்தான் நுனிக்கால் நடை. அதைத் தினமும் மெதுவாக நீட்டிவிட வேண்டும், இரவில் கணுக்காலை மடங்காமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட வேண்டும், அதுவும் அவன் காலுக்கு அளவெடுத்ததாக. கிளினிக்கில் கேட்டு ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள்.

அப்புறம், வாசற்படி 6 அங்குல உயரம் என்றால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். மேசன் பாஸ் 3 அடி போதும் என்பார், விடாதீர்கள்.