ஒட்டாவாவோடு கணக்கு முடியவில்லை

கேள்வி: ஆர்.கே. சண்முகம் செட்டியார் வக்கீலுக்குப் படித்து மில் முதலாளியானவர். வெள்ளைக்காரனிடம் ‘சர்’ பட்டம் வாங்கி உலகம் சுற்றியவர். அவரைக் கோவைக்காரர்கள் ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், பல்லடம்.

பதில்: பட்டம் வாங்கினார், உண்மைதான். 1932இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் வணிக மாநாட்டுக்குப் போய், பிரிட்டிஷ் சரக்குக்குச் சலுகை தரும் உடன்பாட்டுக்குத் துணை நின்றதும் உண்மை. காங்கிரஸ்காரர்கள் கொதித்தார்கள். மத்திய சட்டசபைத் தலைவராக இருந்தபடியே 1934 தேர்தலில் தோற்றார். ஆனால் கணக்கை நீங்கள் அந்த இடத்திலேயே மூடிவிடுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பல்லடத்துக்காரருக்குப் பஞ்சைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்து, இழை நீளம் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். 1892இல் கோவையில் பிறந்த செட்டியார் அப்படிப்பட்ட வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் சட்டம் படித்துவிட்டுக் குடும்பத்தின் பருத்தித் தொழிலுக்கே திரும்பினார். நம்மூர்ப் பஞ்சின் விலையை பம்பாயும் லிவர்பூலும் ஆட்டிவைத்த காலம் அது. அந்தத் தொழிலிலிருந்து வந்தவர் ஜெனீவாவுக்கும் ஒட்டாவாவுக்கும் போனதை ஊர் சுற்றல் என்று எப்படி எழுத மனம் வந்தது?

1944இல், போருக்குப் பிந்தைய உலகப் பண ஏற்பாடுகளைப் பேச அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் கூடிய மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் அவர் இருந்தார். போர்க்காலத்தில் பிரிட்டன் நம்மிடம் பட்ட கடன் என்ன ஆகும் என்று அந்தக் குழு உலக நாடுகளின் நடுவில் கேட்டது. வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிற வேலையா இது?

அதற்கு முன்பே ஆறு வருடம் கொச்சி சமஸ்தானத்தின் திவான், அதாவது தலைமை அமைச்சர். சுதந்திரம் வந்ததும், காங்கிரஸ்காரரல்லாத அவரை நேரு நிதியமைச்சராக்கினார். 1947 நவம்பர் 26 அன்று, பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவர் அவர். ஏழரை மாதத்துக்கான பட்ஜெட். 197 கோடி ரூபாய் செலவில் ஏறக்குறைய பாதி பாதுகாப்புக்கே போனது. மறுவருடமே பதவி விலகினார்.

சரி, இதெல்லாம் டெல்லிக் கதை என்பீர்கள். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கத்தில் முன்னால் நின்றவரும் இவர்தான். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உட்கார்ந்து உரை எழுதியிருக்கிறார். பஞ்சுக் கணக்கும் நாட்டுக் கணக்கும் பார்த்த மனிதர், கண்ணகி கதைக்கு உரை எழுத நேரம் ஒதுக்கினார்! எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1953இல், அறுபது வயதில் இறந்தார். அடுத்த கடிதத்தில் ஒட்டாவாவைத் தாராளமாகக் கேளுங்கள். பிரெட்டன் வுட்ஸையும் புகார்க் காண்டத்தையும் சேர்த்தே கேளுங்கள்.