கிரியோல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். போன முதல் வாரமே இந்தச் சொல்லில் இடறினேன். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். ஆனால் வீட்டில் மனைவி மக்களோடு பேசுவது கிரியோல். "அப்படியானால் நீங்கள் கிரியோலா?" என்று கேட்டுவிட்டேன். "மொழி கிரியோல்தான். நான் கிரியோல் இல்லை, தமிழன்" என்றார்.

அங்கே மொழி எல்லோருக்கும் பொது. கிரியோல் மக்கள் என்றால், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவில் வழக்கம் வேறு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர் வெள்ளையராக இருந்தாலும் கிரியோல்தான். பிரான்சிலிருந்து வந்து குடியேறியவருக்கு 'ஸோரேய்' என்று தனிப்பெயர். ஒரே கடல், ஒரே சொல், பொருள் மட்டும் இரண்டு. அதிலிருந்துதான் இதன் வேரைத் தேட ஆரம்பித்தேன்.

வேர் போர்ச்சுகீசியத்தில் இருக்கிறது. 'கிரியார்' என்றால் வளர்த்தல். குழந்தையைக் குறிக்கும் 'கிரியான்சா', வேலைக்காரனைக் குறிக்கும் 'கிரியாதோ' இரண்டும் இதிலிருந்து பிறந்தவை. 'கிரியோலோ'வும் அப்படித்தான். கப்பலில் பிடித்துவரப்பட்டவராக இல்லாமல், எஜமானின் வீட்டிலோ குடியேற்ற நாட்டிலோ பிறந்து வளர்ந்த அடிமையைக் குறித்தது. ஸ்பானியத்தில் அது 'கிரியோயோ' ஆயிற்று, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் போனது.

இன்கா கார்சிலாசோ என்ற பெரு நாட்டு எழுத்தாளர் 1609-இல் எழுதிய செய்தி ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. இவர் தாய் இன்கா குலம், தந்தை ஸ்பானியர். இந்தச் சொல்லை உண்டாக்கியதே கறுப்பின மக்கள்தான் என்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் பிறந்தவர்களையும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களையும் பிரித்துச் சொல்ல அவர்கள் வைத்த பெயராம். ஸ்பானியர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள் என்கிறார்.

ஆக, ஆரம்பத்தில் இதில் நிறமே கிடையாது. நீ எங்கே பிறந்து வளர்ந்தாய் என்பது மட்டும்தான் கேள்வி. அப்புறம் ஊருக்கு ஊர் இழுத்தார்கள். ஸ்பானிய அமெரிக்காவில் அங்கேயே பிறந்த ஸ்பானிய வம்சத்தாருக்கு அது பெயரானது. வெனிசுவேலாவின் கராகசில் 1783-இல் பிறந்த தென் அமெரிக்க விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவார் அப்படி ஒரு கிரியோயோ. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் முதலில் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அங்கிருந்த வெள்ளையர் பலர் அது தங்களுக்கு மட்டுமே உரியது என்று அடம்பிடித்தார்கள். பிறந்த இடத்தைச் சொன்ன ஒரு சொல்லை நிறத்துக்கு வேலியாக்கியது பெரிய அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மொழிக்கும் இதே பெயர் வந்த காரணம் இப்போது புரியும். கரும்புத் தோட்டங்களில் பல மொழிக்காரர்கள் ஒன்றாக அடைக்கப்பட்டார்கள். முதலாளியின் மொழியிலிருந்து சொற்கள் கிடைத்தன. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அவற்றை வைத்து முழு மொழி ஒன்றை வளர்த்தார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்ததால் அதுவும் கிரியோல்.

மொரிஷியஸ் கிரியோலை 'உடைந்த பிரெஞ்சு' என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'மோ மான்ஸே' என்றால் நான் சாப்பிடுகிறேன். 'மோ தி மான்ஸே' சாப்பிட்டேன். 'மோ பே மான்ஸே' சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ பு மான்ஸே' சாப்பிடுவேன். வினைச்சொல் அப்படியே நிற்க, முன்னால் வரும் ஒரு சிறு சொல் காலத்தைச் சொல்லிவிடுகிறது. உடைந்த மொழிக்கு இவ்வளவு ஒழுங்கான இலக்கணம் எப்படி வரும்? கரீபியன் நாடான ஹைட்டி தன் கிரியோலை 1987 அரசியலமைப்பில் ஆட்சிமொழி ஆக்கியது. மொரிஷியஸ் பள்ளிகளில் 2012 முதல் விருப்பப் பாடமாக இருக்கிறது.

போர்ட் லூயி மத்திய சந்தையில் ஒரு நாள் கீரை வாங்கப் போனேன். கடைக்கார அம்மா ஆப்பிரிக்க வம்சாவளி. ஒரு கட்டைத் தூக்கிக் காட்டி 'ப்ரெத் முரும்' என்றார். பார்த்தால் முருங்கைக்கீரை! பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைக்குக் 'கரிபூலே', கொத்தமல்லிக்குக் 'கோதோமிலி'. இதெல்லாம் எங்கள் ஊர்ச் சொல் என்று சந்தோஷத்தில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, இல்லை, இது கிரியோல், என் பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான் சொல்கிறோம் என்றார். நான் மறுக்கவில்லை. கோதோமிலியிலும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.