லேத்தில் மாட்டும் கிரைண்டரைச் சொந்தமாகச் செய்யலாமா? பட்டறைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் பீன்யா, ராஜாஜிநகர், பொம்மசந்திரா பக்கம் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். ஹார்டனிங் ஆகி வந்த ஷாஃப்டை கிரைண்டிங்குக்கு வெளியே அனுப்பினால் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. நம் லேத்திலேயே முடிக்க ஒரு டூல் போஸ்ட் கிரைண்டர், அதாவது லேத்தில் டூல் பிடிக்கும் இடத்தில் மாட்டும் சின்ன கிரைண்டர், செய்துகொள்ள முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் காசையும் நேரத்தையும் எங்கே கொட்ட வேண்டும் என்று தெரிந்து இறங்க வேண்டும். டூல்ரூம் வேலையில் ஊறியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே டூல் போஸ்ட்ல கிளாம்ப் பண்ணி கல்லு வீல் மாட்டிடலாமா? (பீன்யா, ஜாப் ஒர்க் பட்டறை)

வேண்டவே வேண்டாம் தம்பி. சாதாரண விட்ரிஃபைடு (சூளையில் சுட்டுப் பிணைத்த) கல்லின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 33 மீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. 100 மி.மீ. வீலுக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 6300 சுற்று வரும். உங்கள் ஆங்கிள் கிரைண்டர் ஓடுவது 11,000 சுற்றில். அப்போது விளிம்பு வேகம் 57 மீட்டரைத் தாண்டிவிடும். கல்லைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்தக் கல் தாங்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இழுபடும். வெடித்தால் எதிரே நிற்பவர் கதி என்ன? ஆங்கிள் கிரைண்டருக்கு என்று வரும் டிஸ்க் 80 மீட்டர் வரை தாங்குகிறது என்றால், அது ரெசின் பிணைப்பு, உள்ளே ஃபைபர் வலை இருக்கிறது. இரண்டும் வேறு வேறு சாமான்.

வேகத்தை விடுங்கள், துல்லியமும் வராது. அந்த கியர் ஹெட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள், ஆட்டம் தெரியும். நீங்கள் எடுக்கப்போவது சில மைக்ரான். ஸ்பிண்டிலே அதற்கு மேல் ஆடினால் என்ன பிரயோஜனம்?

டை கிரைண்டர் வெச்சா சார்? என்கிட்ட இருக்கறது சின்ன லேத் தான். (எலக்ட்ரானிக் சிட்டி)

உள்விட்டம் கிரைண்ட் பண்ண நல்ல யோசனை. 6 மி.மீ. ஷாங்க் உள்ள மவுன்டட் பாயின்ட்டை (தண்டோடு வரும் சின்னக் கல்லை) 25,000 சுற்றில் ஓட்டும்போது 25 மி.மீ. விட்டத்துக்கு விளிம்பு வேகம் ஏறக்குறைய 33 மீட்டர் வரும். கணக்குக்கு அது சரி. ஆனால் ஷாங்க் காலெட்டை விட்டு எவ்வளவு வெளியே நீள்கிறதோ, அந்த அளவுக்குப் பாதுகாப்பான வேகமும் குறையும். அதனால் சின்ன பாயின்ட்டாக எடுத்து, குட்டையாகப் பிடியுங்கள். பாடியைப் பிடிக்க நீளமான அலுமினியம் பிளாக்கை போர் பண்ணி, ஒரு பக்கம் பிளந்து, இரண்டு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

ஐயா, ஸ்பிண்டில் யூனிட்டை முழுசா நானே கடையலாம்னு இருக்கேன். என்ன பேரிங், என்ன மெட்டீரியல்? (ராஜாஜிநகர், இரண்டாம் தலைமுறை டர்னர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மோட்டாரை சண்டே பஜாரில் பழசாகக்கூட வாங்கலாம், பிராக்கெட்டை வெல்டிங்கில் ஒட்டலாம். ஸ்பிண்டிலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பேரிங் 7204 ஆங்குலர் கான்டாக்ட், இரண்டு. உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. எஸ்.ஜே.பி. ரோட்டில் கேட்கும்போது போலியைத் தலையில் கட்டாத கடையாகப் பார்த்துப் போங்கள். முடிந்தால் பி5 என்ற துல்லிய கிரேடு வாங்குங்கள். சாதாரண பால் பேரிங் 6204 போட்டாலும் ஓடும், ஆனால் ப்ரீலோடு (ஆட்டம் போக பேரிங்கை அச்சுவாக்கில் தள்ளி வைக்கும் அழுத்தம்) கொடுத்தே ஆக வேண்டும்.

பாடியின் இரண்டு பேரிங் இருக்கைகளையும் ஒரே செட்டிங்கில், ஒரே பக்கத்திலிருந்து போர் பண்ணுங்கள். திருப்பிப் பிடித்து அடுத்த பக்கம் போர் பண்ணினால் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது. பிறகு என்ன விலை பேரிங் போட்டாலும் சூடாகும். ஸ்பிண்டிலுக்கு ஈஎன்24 அலாய் ஸ்டீல் எடுத்து, இருக்கை, வீல் உட்காரும் இடம் எல்லாவற்றையும் சென்டர்களுக்கு நடுவே வைத்துக் கடையுங்கள். முன்பக்க பேரிங்கை இரண்டு பக்கமும் அசையாமல் பூட்டுங்கள். பின்பக்கத்தின் வெளி வளையம் கையால் தள்ளினால் நகரும் ஃபிட்டில் இருக்கட்டும். அதன் பின்னால் டிஸ்க் ஸ்பிரிங் வைத்துத் தள்ளுங்கள். சூட்டில் ஸ்பிண்டில் நீண்டாலும் ப்ரீலோடு மாறாது.

கிரீஸ் பேரிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். அமுக்கி நிரப்பினால் அதுவே சூடாக்கும். மாட்டிய பிறகு வீல் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கை வையுங்கள். வெதுவெதுப்பு நல்லது. கை வைக்க முடியாத சூடு என்றால் ப்ரீலோடு அதிகம். அடுத்து வீல் உட்காரும் இடத்தில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றுங்கள்: முள் 5 மைக்ரானுக்குள் நின்றால் உங்கள் வேலை ஜெயித்துவிட்டது.

நட்டின் மரை திசையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நட் பக்கம் நின்று பார்க்கும்போது ஸ்பிண்டில் கடிகார திசையில் சுற்றினால் இடது மரை வேண்டும். இல்லாவிட்டால் ஓட ஓட நட் தளரும். ஃபிளேஞ்ச் இரண்டும் ஒரே விட்டத்தில், வீல் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், நடுவில் குடைந்து விளிம்பு மட்டும் படும்படி இருக்கட்டும். வீலோடு வரும் காகித வளையத்தைக் கழற்றி எறியாதீர்கள். கல்லின் மேல் அழுத்தம் சீராக விழ அது வேண்டும்.

மோட்டாரும் பெல்ட்டும்?

கால் எச்.பி., 2800 சுற்று இன்டக்‌ஷன் மோட்டார். மோட்டார் புல்லி 90, ஸ்பிண்டில் புல்லி 40 என்றால் சரியாக 6300 வரும். பெல்ட் லேசாக வழுக்குவதில் கொஞ்சம் குறையும், அதுவும் நல்லதுக்கே. வி பெல்ட் தவிருங்கள். அதன் தடிமன் சீராக இருக்காது, அந்த மேடு பள்ளம் ஜாப் மேல் வரிவரியாக விழும். மெல்லிய ஃபிளாட் பெல்ட் அல்லது பாலி-வி போடுங்கள். வீல் கார்டு இல்லாமல் ஸ்விட்சைத் தொடவே கூடாது.

என் லேத்தில் டயல் ஒரு கோடு 0.02 மி.மீ. ஐந்து மைக்ரான் எப்படி ஊட்டுவது?

காம்பவுண்ட் ஸ்லைடை (டூல் போஸ்டுக்குக் கீழே, கோணம் திருப்பக்கூடிய ஸ்லைடை) லேத் அச்சுக்கு 5 டிகிரி 44 நிமிடம் சாய்த்து வையுங்கள். அந்தக் கோணத்தின் சைன் 0.1. காம்பவுண்டை 0.1 மி.மீ. நகர்த்தினால் வீல் ஜாப்புக்குள் 0.01 மட்டுமே போகும். சில லேத்தில் ஸ்கேலின் பூஜ்ஜியம் கிராஸ் ஸ்லைடு பக்கம் இருக்கும், அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். ரஃபிங்குக்கு ஒரு பாஸில் 0.01 முதல் 0.02 வரை, ஃபினிஷிங்குக்கு 0.005. கடைசியில் ஃபீடே கொடுக்காமல், பொறி அடங்கும்வரை இரண்டு மூன்று பாஸ்.

ஜாப்பின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 18 மீட்டர் ஓடினால் போதும், 25 மி.மீ. ஷாஃப்டுக்கு அது 230 சுற்று அளவு. தொடும் இடத்தில் இரண்டும் எதிரெதிராக ஓட வேண்டும். வீல் கீழ்நோக்கியும் ஜாப் மேல்நோக்கியும் ஓடினால் பொறி கீழே விழும், அதற்கு லேத்தை ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். சக் (ஜாப்பைப் பிடிக்கும் தலை) மரையில் ஏறும் பழைய லேத் என்றால் ரிவர்ஸில் சடாரென்று ஸ்டார்ட் பண்ணாதீர்கள், சக் கழன்று வந்துவிடும்.

கிரைண்ட் பண்ணின இடத்தில் அலை அலையாத் தெரியுது சார். என்ன தப்பு? (பொம்மசந்திராவில் பட்டறை நடத்தும் பெண்)

அம்மா, முதலில் வீலை டிரெஸ் பண்ணீங்களா, அதாவது டைமண்டால் சீவி வட்டமாக்கினீங்களா? புது வீல் மாட்டினவுடனே சிங்கிள் பாயின்ட் டைமண்டால் டிரெஸ் பண்ணியே ஆகணும். டைமண்ட் முனை சென்டர் ஹைட்டில், வீல் சுற்றும் திசைக்கு 10-15 டிகிரி சாய்ந்து நிற்கட்டும். நிமிர்ந்து நின்றால் கொத்தும். அதன் பிறகும் அலை இருந்தால் பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். ஹார்டன் செய்த ஸ்டீலுக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, 60 கிரிட் (மணியின் அளவு), கே கிரேடு (பிணைப்பின் கெட்டி) பக்கம் எடுங்கள். ரொம்பக் கெட்டியான கிரேடு சீக்கிரம் பளபளத்துப் போய், வெட்டாமல் தேய்க்கும்.

மூணு ஜா சக்கோட வாய் விரிஞ்சிருச்சு. இதை வெச்சே ஜாவை கிரைண்ட் பண்ணலாமா?

பண்ணலாம். இந்த அட்டாச்மென்ட் போட்ட காசை எடுக்கும் வேலையே அதுதான். ஜாவைச் சும்மா விட்டு கிரைண்ட் பண்ணினால் பலன் இல்லை. ஜாப்பைப் பிடிக்கும்போது எந்தப் பக்கம் இறுகுமோ அந்தப் பக்கம் இறுகியிருக்க வேண்டும். ஜாவின் அடிப்பக்கம் ஒரு சின்ன வளையத்தைப் பிடித்து இறுக்கி, மீதி நீளத்தை கிரைண்ட் பண்ணுங்கள். வளையம் நின்ற இடத்தில் மிஞ்சும் படியைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

அப்பாவோட பழைய எச்.எம்.டி. லேத் அண்ணே. கல்லுத் தூள் பெட்ல விழும்னு அவர் ஒத்துக்க மாட்டேங்கறார். (ஜாலஹள்ளி)

அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி தம்பி. அந்தத் தூள் எண்ணெயில் கலந்தால் சேடில் அடியில் புகுந்து பெட்டையே அரைத்துவிடும். காந்தம் வைத்தாலும் இரும்புத் தூள்தான் ஒட்டும், கல்லுத் தூள் ஒட்டாது. வீலுக்கு நேர் கீழே தண்ணீர் ஊற்றிய தகர ட்ரே வையுங்கள். பெட்டின் மீதியை ஈரமான தடிமன் காகிதத்தால் மூடி ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். துணி போடாதீர்கள், சக் சுற்றிக்கொள்ளும். முடிந்ததும் ஏர் ஹோஸ் பிடிக்கக் கூடாது. ஊதினால் தூள் இடுக்குக்குள்ளே போகும். காகிதத்தை உள்பக்கமாக மடித்து எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சேடிலின் ஃபெல்ட் வைப்பரைக் கழற்றிக் கழுவி மாட்டி, புது எண்ணெய் விடுங்கள். முதல் ஜாப்பை அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யுங்கள். ட்ரேயில் படிந்த சேற்றை அவரிடமே காட்டுங்கள்.