திப்பியில் மரப்பசை காய்ச்சலாமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் 3 ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறேன். பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் திப்பி, அதாவது மாவுப்பால் எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை, மலிவாகக் கிடைக்கிறது. அதில் மரப்பசை காய்ச்சி தச்சுப்பட்டறைகளுக்குக் கொடுக்கலாம் என்கிறான் மகன். தேறுமா ஐயா?

பதில்: பசை வரும் ஐயா. ஆனால் கதவு, ஜன்னலுக்கு ஆகாது. கடன் வாங்கிக் கொப்பரை வைப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

காய்ந்த திப்பியில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து, மீதி பெரும்பாலும் நார். ஒரு துளி டிஞ்சர் அயோடின் விட்டால் கருநீலமாகும், பாருங்கள். இந்த மாவுச்சத்து 65-70 டிகிரி சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பிக் கூழாகிறது. அந்தக் கூழ் காய்ந்தால் மரத்தைப் பிடிக்கும். ஈரம் பட்டால் மறுபடி தண்ணீரைக் குடித்து இளகிவிடும். ஐப்பசி மழைக்கு அது நிற்காது.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். சலித்த திப்பி மாவு 100 கிராம். அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். சிறுதீயில் அடிப்பிடிக்காமல் கிண்டி, கெட்டியானதும் இறக்கி ஆறவிடுங்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டத்து சில்வர் ஓக் துண்டு இரண்டை இழைத்து, இதைத் தடவி இறுகக் கட்டி, ஒரு நாள் காயவையுங்கள். கையால் பிரிக்கச் சிரமப்படுவீர்கள். அதையே ஓர் இரவு தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, காலையில் இழுத்துப் பாருங்கள்.

அதற்காக மகனின் யோசனையைத் தள்ளிவிட வேண்டாம். பிளைவுட் ஆலைகளில் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினோடு மைதா கலப்பது பழைய வழக்கம். பிசின் நீர்த்து மரத்தாளுக்குள் (பிளைவுட்டில் அடுக்கும் மெல்லிய மரத் தகட்டுக்குள்) இறங்கிவிடாமல் அது தடுக்கும், பிசின் செலவும் குறையும். தேங்காய் ஓட்டுத் தூளையும் இப்படிச் சேர்க்கிறார்கள். அந்த வேலைக்குத் திப்பி மாவு ஒத்துவருமா என்று கேட்டுப் பார்க்கலாம். பசையாக இல்லாமல் மாவாக விற்பதால் புளித்துப்போகும் கவலையும் இல்லை.

ஒரே வில்லங்கம் மண். களத்தில் கொட்டிக் காயவைத்த திப்பியில் மண் ஒட்டாமல் இருக்காது. ஒரு சிட்டிகை மாவை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். நறநறவென்று கீறல் விழுந்தால், அதே மண் ஆலையில் ரம்பப் பல்லையும் மழுக்கும். தார்ப்பாயில் காயவைத்து, நைசாக அரைத்துச் சலித்து, 5 கிலோ மாதிரி எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் விலை, மாட்டுத் தீவனத்துக்குப் போகும் திப்பி விலையைவிட அரவைக்கூலிக்கும் மேல் நின்றால்தான் அரவை இயந்திரம் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பவர்கள் உண்டு. அப்படிக் கலந்தால் பாத்திரத்தைத் தனியாக வையுங்கள். மிச்சத்தை மாட்டுத்தொட்டியில் கொட்டிவிடாதீர்கள் ஐயா, அது விஷம்.