டைட்டில் இன்சூரன்ஸ் துறையில் பெண்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(அமெரிக்காவில் டைட்டில் இன்சூரன்ஸ் எனப்படும் சொத்துரிமைக் காப்பீட்டுத் துறையில் பணியாற்றும் நம் பத்தியாளர், அத்துறையில் வேலை செய்யும் அல்லது சேர விரும்பும் வாசகியரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.)

கேள்வி: திருச்சியில் ஒரு வழக்கறிஞரிடம் சில ஆண்டுகள் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை செய்தேன். இப்போது டெக்சஸ் மாநிலத்தில் இருக்கிறேன். எச்-4 விசாவில் வேலை அனுமதியும் கிடைத்துவிட்டது. டைட்டில் கம்பெனியில் முயன்று பார்க்கும்படி தோழி ஒருவர் சொல்கிறார். என் பழைய அனுபவத்திற்கு அங்கே மதிப்பு இருக்குமா?
– வாசகி, பிளேனோ

பதில்: நிச்சயம் இருக்கும். ஆனால் உங்களை நேர்காணல் செய்பவருக்கு வில்லங்கச் சான்றிதழும் தாய்ப் பத்திரமும் என்னவென்று தெரியாது. அவற்றை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதை அவருக்கு விளங்கும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் வழக்கறிஞரின் கருத்துரையோடு முடிந்துவிடும் வேலை, இங்கே ஒரு காப்பீட்டுப் பாலிசியில் போய் முடிகிறது. மற்ற காப்பீடுகள் இனி நடக்கக்கூடியதற்கானவை. இது ஏற்கெனவே நடந்து பதிவேடுகளில் புதைந்து கிடக்கும் தவறுகளுக்கானது. அதனால்தான் பிரீமியத்தைச் சொத்து கைமாறும் நாளில் ஒரே ஒரு முறை கட்டினால் போதும். 1868-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பதிவாகியிருந்த ஒரு தீர்ப்புக் கடன் (கட்டும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்த தொகை) சொத்தைக் கட்டுப்படுத்தாது என்று வழக்கறிஞர் சொன்ன கருத்தை நம்பிப் பத்திர எழுத்தர் வேலையை முடித்துக் கொடுக்க, நிலத்தை வாங்கியவர் நட்டப்பட்டார். எழுத்தர் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை, ஆகவே அவர் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் கூறிவிட்டது. எழுத்தரைப் பொறுப்பாக்க முடியாத இடத்தில் வாங்கியவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு விடையாகத்தான் 1876-இல் பிலடெல்பியாவில் முதல் டைட்டில் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது.

உங்கள் அனுபவம் எங்கே பொருந்தும் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். கணவனும் மனைவியும் திருமண வாழ்வில் வாங்கிய வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறது. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி மட்டும் கையெழுத்திட வந்திருக்கிறார். டெக்சஸ் சட்டப்படி, இறந்தவரின் பிள்ளைகள் எல்லோரும் இந்த மனைவிக்கும் பிறந்தவர்களாக இருந்தால் கணவருடைய பாதிப் பங்கும் மனைவிக்கே வரும். முந்தைய திருமணத்தில் ஒரு பிள்ளை இருந்தால்கூட அந்தப் பாதி பிள்ளைகளுக்குப் போய்விடும். ஆகவே சொத்தின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது, "அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா?" என்பதைத்தான். வாரிசுச் சான்றிதழ் தருவதற்கு இங்கே தாசில்தார் கிடையாது. குடும்பத்தை அறிந்த, சொத்தில் பங்கில்லாத சாட்சிகள் வாரிசு விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். அதை ஏற்பதா, நீதிமன்ற உத்தரவு கேட்பதா என்று முடிவெடுப்பது டைட்டில் கம்பெனி. இந்த மாதிரியான சந்தேகங்களோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர் நீங்கள். அதனால் வரவேற்பு மேசை வேலை கொடுத்தால் ஏற்க வேண்டாம். பதிவேடு தேடும் பிரிவையோ ஆய்வுப் பிரிவையோ கேளுங்கள். பின்னாளில், விற்பனைப் பணத்தையும் ஆவணங்களையும் பொறுப்பேற்றுக் கைமாற்றிவிடும் எஸ்க்ரோ அலுவலராக விரும்பினால் மாநிலக் காப்பீட்டுத் துறையின் உரிமம் பெற வேண்டியிருக்கும்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரு டைட்டில் ஏஜென்சியில் கோப்புகளைத் தயாரித்து, சொத்து கைமாறும் குளோசிங் நாளில் கையெழுத்து வாங்கும் வேலை செய்கிறேன். எனக்குப் பின் சேர்ந்த இரண்டு ஆண்கள் ஆய்வாளர்களாகிவிட்டார்கள். மேலாளரிடம் கேட்டால், "வாடிக்கையாளர்களுக்கு உங்களைத்தான் பிடிக்கிறது, உங்களை அங்கிருந்து எடுக்க முடியாது" என்கிறார். வழிகாட்டி ஒருவரைத் தேடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்படித் தொடங்குவது?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பாராட்டைப் போலவே ஒலிக்கும் தடை இது. இந்தத் துறையின் அலுவலகங்களுக்குள் போய்ப் பார்த்தால் கோப்பு மேசைகளிலும் குளோசிங் மேசைகளிலும் பெண்களே நிறைந்திருப்பார்கள். எந்த ஆபத்தை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அண்டர்ரைட்டிங் மேசைக்கு வரும்போது நிலைமை மாறும். 1907-இல் தொடங்கப்பட்ட இத்துறையின் தேசியச் சங்கம் தன் முதல் பெயரிலேயே 'டைட்டில் மென்' என்று ஆண்களை மட்டும் குறிப்பிட்டது. அதே சங்கத்தின் தலைமை நிர்வாகிகளாக அண்மைக் காலத்தில் மிஷெல் கோர்ஸ்மோவும், அவரை அடுத்து 2019-இல் டயேன் டாம்பும் பொறுப்பேற்றார்கள். உச்சியில் கதவு திறந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் சிக்கிக்கொள்வது நடுப்படிகளில்தான்.

வழிகாட்டியைத் தேடுவதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூத்தவர் ஒருவரிடம் போய் "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று கேட்டால், எதை ஒப்புக்கொள்கிறோம் என்று அவருக்கே விளங்காது. இரண்டு முறை காபி குடித்ததோடு அது தேய்ந்துபோகும். அதற்குப் பதிலாக ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பாலிசிக்கு முன் தரப்படும் காப்பீட்டு உறுதிக் கடிதத்தின் பி அட்டவணையில், விற்பவர் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளும் பாலிசியிலிருந்து விலக்கப்படும் விஷயங்களும் வரிசையாக இருக்கும் அல்லவா? அவற்றில் ஒரே ஒரு வரியைக் காட்டி, "இந்த விலக்கை நீங்கள் ஏன் நீக்கினீர்கள், எந்த ஆவணத்தைப் பார்த்துத் துணிந்தீர்கள்?" என்று கேளுங்கள். திறமையான ஆய்வாளர் எவரும் இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் ஒதுக்காமல் இருக்க மாட்டார்; தன் தீர்ப்பைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.

உங்கள் ஏஜென்சி எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் பாலிசி எழுதுகிறதோ அந்த நிறுவனத்தில், சிக்கலான கோப்புகளுக்கு ஆலோசனை சொல்ல அண்டர்ரைட்டிங் வழக்கறிஞர்கள் இருப்பார்கள். உங்கள் ஆய்வாளர் அவர்களைத் தொலைபேசியில் அழைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அனுமதி பெறுங்கள். இந்தத் தொழிலின் உண்மையான வகுப்பறை அந்த அழைப்புதான் என்பது என் எண்ணம். முதலில் கேட்பவராக இருங்கள். சில மாதங்களில், "இந்தக் கோப்பைப் பற்றி நானே விளக்குகிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் குரலும் நீங்கள் கேட்கும் கேள்வியின் தரமும் அலுவலகத்துக்கு வெளியே ஒருவருக்குப் பழகிவிட்டால், மேலாளரின் விருப்பத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை மாறும்.

எட்டு ஆண்டுகளாகக் குளோசிங் மேசையில் இருந்ததை வீண் என்று எண்ண வேண்டாம். நியூ ஜெர்சியில் உயர் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய தீர்ப்புக் கடன், மாநிலம் முழுவதிலும் உள்ள கடனாளியின் நிலங்களைப் பிடிக்கும் என்பதும், அந்தத் தேடல் பெயரை வைத்தே நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரே பெயருடைய வேறொருவரின் கடனுக்கு, "அது நானல்ல" என்று உறுதிமொழி எழுதித் தருபவர்களை நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். (தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்ட நம்மவர்கள் இதில் படும் பாட்டைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.) எவர் உண்மை சொல்கிறார், எவர் தயங்குகிறார் என்று கண்டுகொள்ளும் பழக்கம் காகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு எளிதில் வராது.

மேலாளரிடம் மறுபடியும் பேசும்போது பதவிப் பெயரைக் கேட்காதீர்கள், அதிகாரத்தைக் கேளுங்கள். எத்தனை டாலர் மதிப்புவரை உள்ள கோப்பை மேல் அனுமதியின்றி நீங்களே முடிக்கலாம் என்ற வரம்பை எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதை உயர்த்தும்படி கேளுங்கள். அந்த வரம்பு உயர்ந்தால் நீங்கள் வளர்கிறீர்கள். உயராவிட்டால் வேறு ஏஜென்சிக்கு விண்ணப்பிக்கலாம், அதில் நன்றி மறத்தல் ஏதுமில்லை.

கேள்வி: என் மனைவி 2021-இல் இந்தத் துறையில் சேர்ந்தார், 2023-இல் வேலை போய்விட்டது. மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. நம்பிப் போகலாமா?
– வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: வட்டி விகிதத்தோடு ஏறி இறங்கும் துறை இது. 2021-இல் முப்பது ஆண்டு வீட்டுக் கடனின் வட்டி சுமார் 3 சதவீதமாக இருந்தது. பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 அக்டோபரில் அந்த வட்டி 8 சதவீதத்தை நெருங்கியது. மறுகடன் கோப்புகள் ஏறத்தாழ மறைந்தே போயின. உங்கள் மனைவியின் திறமைக்கும் அந்த வேலையிழப்புக்கும் தொடர்பில்லை. போகலாம், ஆனால் மறுகடன் கோப்புகளை மட்டும் கையாளும் பிரிவு வேண்டாம். வீட்டு விற்பனை அல்லது வணிகச் சொத்துப் பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளை மேலாளராக இருக்கிறேன். இளம் பெண்கள் இருவருக்கு வழிகாட்டும்படி நிறுவனம் கேட்டிருக்கிறது. நேரமே இல்லை. மேலும், ஆணாகிய நான் இதைச் செய்வது பொருத்தமா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: பொருத்தம்தான். பெண்களுக்குப் பெண்களே வழிகாட்ட வேண்டும் என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைவாக உள்ள மூத்த பெண்களின் தலையில் இன்னொரு சம்பளமில்லாத வேலை ஏறும். நேரத்தைப் பொறுத்தவரை, தனிக் கூட்டம் எதுவும் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு கடினமான கோப்பை நீங்கள் திறக்கும் முன் அவர்களிடம் கொடுத்து, பி அட்டவணையை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசினால் போதும்.

வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டு, கோப்பில் முன்பே பதிவான தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்வதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளரை அனுப்பிவைத்ததற்காக இடைத்தரகர்களுக்குப் பணமோ பரிசோ தரக் கூடாது என்ற 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தையும் அப்படியே. பிரீமியத்தை மாநில அரசே நிர்ணயிக்கும் டெக்சஸில் விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்க வழியில்லை என்பதால், விற்பனைப் பிரிவுக்குப் போகும் இளையவர்களுக்கு இந்தச் சபலம் சீக்கிரமே எதிர்ப்படும். கடைசியாக ஒன்று: சம்பளமும் பதவியும் முடிவாகும் கூட்டத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள், நீங்கள் இருப்பீர்கள். அங்கே அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: அயோவா மாநிலத்துக்குக் குடிபெயர்கிறோம். அங்கே டைட்டில் இன்சூரன்ஸே கிடையாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சிகாகோ

பதில்: தனியார் நிறுவனங்கள் அதை அம்மாநிலத்துக்குள் விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, 1947 முதல் இதே நிலைதான். சொத்தின் வரலாற்றைத் தொகுத்து எழுதுபவர் ஒருவர், அதைப் படித்துக் கருத்துரை தரும் வழக்கறிஞர் ஒருவர், அதன்மேல் உத்தரவாதம் தரும் மாநில அரசின் அமைப்பு ஒன்று என்பது அங்குள்ள ஏற்பாடு. ஆய்வு வேலை தெரிந்தவராக இருந்தால், வரலாறு தொகுக்கும் அலுவலகங்களுக்கு விண்ணப்பியுங்கள்.